பெறுபவரை மறவாத கடிதம்

பழவேற்காடு ஏரிக்கு மேற்கே, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையைத் தொட்டு நிற்கும் ஆரம்பாக்கத்தைச் சுற்றிய மீனவக் குப்பங்களில், வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக வளர்ந்து, செவிலியர் பட்டமும் பெற்று, அயல்நாட்டு ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்க்க ஆசைப்படும் ஒரு பெண்ணுக்கு, அவள் கற்ற வைத்தியக் கல்விக்கு அப்பால் தாண்ட வேண்டியதாய் நிற்பது ஓ.இ.டி. என்னும் ஆங்கிலப் பரீட்சை. 1980களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில், மொழியியல் அறிஞர் டிம் மக்னமாராவின் முயற்சியால் உருவான இப்பரீட்சை, இன்று செவிலியர் உள்ளிட்ட 12 மருத்துவத் தொழிலினருக்கு நடத்தப்படுகிறது. அதில் பலரைத் தடுமாறச் செய்வது கடிதப் பகுதியே. நோயாளியைப் பற்றிய குறிப்புகளை முதல் 5 நிமிஷம் எழுதுகோலைத் தொடாமல் வாசித்து, எஞ்சிய 40 நிமிஷத்தில் ஏறத்தாழ 180 முதல் 200 சொற்களில் வேறொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ பராமரிப்பாளருக்கோ கடிதம் எழுதி முடிக்க வேண்டும்.

இதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இலக்கணக் குறைவால் அல்ல, கடிதத்தைப் பெறுபவர் யார் என்ற நினைவு அறுந்துபோவதால் விளைகின்றன என்பதே என் அபிப்பிராயம்.

உதாரணமாக ஒரு குறிப்பைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58, மீன்பிடித் தொழில், பல வருஷமாகச் சர்க்கரை வியாதி, சிப்பி கிழித்துப் பாதத்தில் சீழ்ப்புண், பெனிசிலின் ஒவ்வாமை, இளமையில் குடல்வால் அறுவை, மனைவி காலமானவர், தனிவாசம். இன்று வீடு திரும்புகிறார். கடிதமோ வீடு தேடிச் சென்று பராமரிக்கும் செவிலியருக்கு. பயிற்சியில்லாதவர், சேர்ந்த தேதியிலிருந்து தொடங்கி நாள்வாரியாகக் கதை சொல்லி, புண்ணுக்குத் தினமும் கட்டுமாற்ற வேண்டும், சர்க்கரையைக் கண்காணிக்க வேண்டும் என்ற பிரதான விஷயத்தைக் கடைசி வரியில் வைப்பார். அது முதல் பத்தியிலேயே வந்திருக்க வேண்டும். நோக்கத்துக்கென்றே தனியாக 3 மதிப்பெண் உண்டு. உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், நடை, அமைப்பு, மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 7.

குடல்வால் அறுவையை விட்டுவிடலாம். தனிவாசத்தையும் அதுபோலவே குடும்ப விஷயமென்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் குனிந்து தம் பாதத்தைத் தாமே கட்ட இயலாத ஒருவருக்கு உதவ வீட்டில் ஆளில்லை என்பது, வரப்போகும் செவிலியருக்கு முதன்மையான செய்தி. இதே நோயாளியை அறுவை நிபுணரிடம் அனுப்பும் கடிதமாயின் அதற்கு அவ்வளவு இடம் வேண்டியதில்லை. பெனிசிலின் ஒவ்வாமையோ எந்தக் கடிதத்திலும் விடுபடலாகாது.

குறிப்பிலுள்ள துண்டுச் சொற்களையும் சுருக்கெழுத்துகளையும் அப்படியே பெயர்த்தெழுதுவது மற்றொரு குறை. வாசிப்பவர் வைத்தியம் கல்லாத பராமரிப்பாளராயிருந்தால், மருந்தை ‘நாளொன்றுக்கு இருமுறை’ என்று விளங்கவே எழுத வேண்டும். எல்லாவற்றினும் மிகுந்த தீங்கு செய்வதாக நான் கருதுவது, மனப்பாடம் செய்த ஆயத்த வாக்கியங்களை நோய்க்கும் ஆளுக்கும் பொருந்துமா என்று பாராமல் பொருத்திவிடும் வழக்கம். எவ்வளவு அழகாயிருப்பினும் அவை நம் மீனவரின் பாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பிரிட்டனின் செவிலியர் மன்றம் பரீட்சையின் பிற மூன்று பகுதிகளிலும் தர அளவெண் 350 கேட்டாலும், கடிதம் அடங்கிய எழுத்துப் பகுதிக்கு மட்டும் 300 போதுமென ஏற்கிறது. ஆகவே அரிய சொற்களைத் தேடிக் காலம் போக்காமல், கடைசிச் சில நிமிஷங்களை மிச்சம் பிடித்து, நோயாளியின் பெயர், வயது, தேதி, மருந்தின் அளவு ஆகிய ஒவ்வொன்றையும் குறிப்போடு ஒத்துப்பார்த்துவிட்டு விடைத்தாளைக் கொடுப்பது நலம்.