மோட்டார் நின்றால் மனிதரை இறக்குவதா?

மலக்குழி மரணச் செய்திகள் பெரும்பாலும் 'அடைப்பைச் சரிசெய்ய இறங்கியபோது' என்று தொடங்கி 'விபத்து' என்று முடிகின்றன. இறங்க வேண்டிய தேவை இருந்ததா என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. அதற்கு விடை காண, வீட்டுக் கழிவுநீர் மோட்டார் இயங்கும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

செப்டிக் டேங்கின் அடியில் கசடு படிகிறது. மேலே எண்ணெய்ப் பசை மிதக்கிறது. இடைப்பட்ட நீர் வெளியேறுகிறது. வெளியேறும் இடம் மேட்டில் இருந்தால், அந்நீர் இன்னொரு தொட்டியில் சேர்ந்து நீர்மூழ்கி மோட்டாரால் மேலேற்றப்படுகிறது. நீர்மட்டம் உயரும்போது மிதவை சுவிட்ச் மோட்டாரை இயக்கும், தாழும்போது நிறுத்தும். ஏற்றிய நீர் திரும்பாமல் ஒருவழி வால்வு தடுக்கும்.

மோட்டார் ஓடவில்லையெனில் முதலில் மின் இணைப்பைப் பார்க்க வேண்டும். பிரேக்கரைப் போட்டவுடன் மீண்டும் விழுந்தால் மின்பணியாளரை அழைக்க வேண்டும். மின்சாரம் சரியாக இருந்தால் மிதவை சிக்கியிருக்கலாம். மோட்டார் ஓடியும் நீர் குறையவில்லையெனில் அதன் விசிறியில் துணியோ நாப்கினோ சிக்கியிருக்கலாம், குழாய் அடைபட்டிருக்கலாம். நின்ற சிறிது நேரத்திலேயே மீண்டும் மீண்டும் ஓடினால் வால்வைச் சோதிக்க வேண்டும். செப்டிக் டேங்க் கசடால் நிறைந்திருந்தால் மோட்டாரை மாற்றிப் பயனில்லை. கழிவுநீர் லாரியே தீர்வு. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்றுவது நல்லது.

இவற்றுள் எதற்கும் மனிதர் உள்ளே இறங்கத் தேவையில்லை. மோட்டாரில் கயிறோ சங்கிலியோ கட்டி, குழாய் இணைப்பைத் தொட்டியின் வாயருகே கழற்றும்படி அமைத்திருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரை மேலிருந்தே தூக்கிவிடலாம். கயிறு இல்லாத தொட்டியை லாரியால் உறிஞ்சிவிட்டுக் கொக்கியால் எடுக்கலாம். ஒரு கயிற்றின் செலவை மிச்சப்படுத்தியவர்கள் ஓர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அவ்வுயிர் எந்தச் சாதியினருடையது என்பதை நாம் அறிவோம்.

தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்குகின்றன. செறிவு மிகும்போது ஹைட்ரஜன் சல்பைடு நுகரும் உணர்வையே மழுங்கடிக்கும். எனவே நாற்றம் இல்லாதது பாதுகாப்பின் அடையாளமன்று. மயங்கியவரைக் காக்க இறங்குபவரும் இறப்பது இதனால்தான். அந்நிலையில் எவரும் இறங்காமல் உடனே தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, செப்டிக் டேங்கை அபாயகரமாகச் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. வீட்டு உரிமையாளருக்கும் இது பொருந்தும். முதல் குற்றத்திற்கே 2 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 'அவராகவே இறங்கினார்' என்பார்கள். சட்டம் தண்டிப்பது இறங்கியவரையன்று, அமர்த்தியவரை. சாக்கடை மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆகவே மரணம் நிகழ்ந்த இடத்திற்குச் செல்லும் தோழர்கள் சில கேள்விகளைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். மோட்டாரில் கயிறு இருந்ததா? கசடு கடைசியாக எப்போது அகற்றப்பட்டது? லாரி ஏன் அழைக்கப்படவில்லை? இறங்கச் சொன்னவர் யார்? இவ்விடைகள் முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றால், 'விபத்து' என்ற சொல் அங்கே நிலைக்காது. விடுதிகளில் வாழும் மாணவர்கள் ஒரு மரணத்திற்காகக் காத்திராமல் இக்கேள்விகளை இன்றே நிர்வாகத்திடம் கேட்கலாம்.