உயரம் பாய்தலில் இலங்கையின் முதல் ஆசியத் தங்கம்

இலங்கையின் விளையாட்டு வரலாறு பற்றிய வினாக்களில் பலர் இரண்டு வீரர்களை மாறி எழுதிவிடுகின்றனர். ஒருவர் டங்கன் வைட். இவர் 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். மற்றவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். இவர் 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் பெற்றார். முன்னையது நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். பின்னையது முதல் ஆசியத் தங்கம்.

எதிர்வீரசிங்கம் 1934 இல் யாழ்ப்பாணத்துப் பெரியவிளானில் பிறந்தார். யாழ். மத்திய கல்லூரியில் கற்றார். பதினெட்டு வயது நிறையுமுன்னரே, 1952 இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். இரண்டிலும் பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் ரோக்கியோவில் 2.03 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறடி எட்டு அங்குலம் தாண்டினார். உங்கள் வீட்டு வாசற்கதவின் உயரத்தை அளந்து இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 1962 இல் ஜகார்த்தா ஆசிய விழாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

இவ்வெற்றியின் பெறுமதியை உணர அக்காலச் சூழலையும் அறிதல் வேண்டும். இன்று வீரர்கள் முதுகுப்புறமாகத் தாண்டி மெத்தையில் விழுகின்றனர். இம்முறை 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் டிக் பொஸ்பரி தங்கம் வென்ற பின்னரே உலகெங்கும் பரவியது. அதற்கு முன்னர் மணற்குழியில் விழவேண்டியிருந்தமையால் முதுகுப்புறமாகப் பாய்வது ஆபத்தானது.

“விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும்” என்று நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். எதிர்வீரசிங்கம் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024 இல் காலமானார். மாலையில் ஒரு மணிநேரம் மைதானத்துக்குச் செல்பவர், மீதி நேரத்தை ஒழுங்காகப் பிரித்துக்கொண்டால் இரண்டிலும் முன்னேறலாம் என்பதற்கு இவரே சான்று.

நினைவிற் கொள்க:
1. 1952, 1956 – ஒலிம்பிக் பங்கேற்பு
2. 1958 ரோக்கியோ – தங்கம், 2.03 மீற்றர்
3. 1962 ஜகார்த்தா – வெள்ளி
4. அக்காலத்தில் நாட்டின் பெயர் ‘சிலோன்’ என ஆங்கிலத்தில் வழங்கியது. 1972 இலேயே ‘ஸ்ரீலங்கா’ ஆயிற்று. பழைய பதக்கப் பட்டியல்களைப் பார்க்கும்போது குழம்பவேண்டாம்.