விளையாட்டும் சூதும்: மின்னணு விளையாட்டுகளின் பரிசுப்பெட்டிகள் பற்றிய ஓர் அறநெறி ஆய்வு

சூதாட்டத்தைக் குறித்துத் திருச்சபை பேசியபோதெல்லாம் பெரும்பாலும் சூதாடுபவனை நோக்கியே பேசியிருக்கிறது. அவனது பேராசை, உழைக்காமல் பொருள் சேர்க்க விரும்பும் மனப்பான்மை, குடும்பத்தை மறக்கும் பொறுப்பின்மை ஆகியவையே நம்முடைய பிரசங்கங்களில் கண்டிக்கப்பட்டு வந்துள்ளன. ஆனால், சூதாடுகிறோம் என்ற எண்ணமே இல்லாமலும், பொருள் ஈட்டும் நோக்கமே இல்லாமலும், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் பணத்தைக் குலுக்கல் முறையில் இழக்கக்கூடிய நிலை இன்று எழுந்துள்ளது. அவன் விரும்பியது பணமன்று. ஒரு கால்பந்து வீரனின் பெயர் பொறித்த அட்டையே. அதுவும் கைபேசித் திரையில் மட்டுமே தோன்றும் அட்டை. அவனிடம் பேராசையைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமா? பொருந்தாதெனில், இங்குத் தவறு எது? தவறு செய்தவர் யார்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பரிசுப்பெட்டி என்பது யாது?

மின்னணு விளையாட்டுகள் முன்பு ஒரே விலைக்கு விற்கப்பட்டன. இன்று அவற்றுள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. ஆட்டம் தொடங்கிய பின்னரே பணம் பெறப்படுகிறது. வேறு சில, முழு விலையைப் பெற்ற பின்னரும் ஆட்டத்தினுள் மேலும் பணம் பெறுகின்றன. இவ்வாறு பணம் பெறும் வழிகளுள் ஒன்றே 'லூட் பாக்ஸ்' எனப்படும் பரிசுப்பெட்டி. ஆடுபவர் விலை கொடுத்துப் பெட்டியை வாங்குகிறார். உள்ளே இருப்பது இன்னதென்று திறக்கும் வரை அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் அற்பமான பொருளே கிடைக்கும்; அரிதாக, அவர் விரும்பிய வீரனோ ஆயுதமோ உடையோ கிடைக்கும்.

ஜப்பானியக் கடைகளில், நாணயமிட்டுத் திருகினால் பொம்மை அடங்கிய உருண்டை வந்து விழும் இயந்திரங்கள் உண்டு. அவற்றின் பெயரையொட்டி, அந்நாட்டுக் கைபேசி விளையாட்டுகளில் இம்முறை 'காச்சா' எனப் பெயர்பெற்றது. அதன் ஒரு வகையில், ஒரு தொகுதியின் எல்லா உருப்படிகளையும் குலுக்கல் வாயிலாகச் சேர்த்து முடித்தவருக்கே பெரும்பரிசு கிடைக்கும். இதன் கணக்கு நோக்கத்தக்கது. சமவாய்ப்புடைய பத்து உருப்படிகள் கொண்ட தொகுதியை முடிக்கச் சராசரியாக 29 முறை வாங்க வேண்டியிருக்கும். முதல் உருப்படி முதல் முறையிலேயே கிடைத்துவிடும். கடைசி ஒன்றிற்கு மட்டும் சராசரியாகப் பத்து முறை வாங்க வேண்டும். ஒன்பதைச் சேர்த்தவன் ஒன்றிற்காக விட்டுவிட மனங்கொள்ளான் என்பதே இம்முறையின் உட்பொருள். 2012 மே மாதத்தில் ஜப்பானிய நுகர்வோர் விவகார முகமை இவ்வகை விற்பனை சட்டத்திற்கு மாறானது என அறிவித்தது.

வாய்ப்பைக் குறித்து மக்களிடம் இயல்பாகவே ஒரு மயக்கம் உண்டு. நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால் நூறு முறை வாங்கினால் உறுதியாகக் கிடைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அவ்வாறு நூறு முறை வாங்கும் நூறு பேரில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையராகவே திரும்புவர்.

மனித மனத்தின் ஓர் இயல்பும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்பவரோடு இணைந்து 1957இல் வெளியிட்ட ஆய்வில், எத்தனையாவது முயற்சிக்கு இரை கிடைக்கும் எனத் தெரியாத நிலையில் வைக்கப்படும் பறவை, ஒழுங்கான இடைவெளியில் இரை பெறும் பறவையைவிட ஓயாது கொத்திக்கொண்டிருக்கும் என்பதை விளக்கினார். சூதாட்ட இயந்திரங்கள் இவ்வியல்பையே பயன்படுத்துகின்றன. பரிசுப்பெட்டியும் அவ்வாறே செய்கிறது. பெட்டி திறக்கும் வேளையில் எழும் ஒளியும் ஓசையும் தற்செயலானவை அல்ல.

2. சட்டம் எழுப்பிய கேள்வி

2017 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' என்ற விளையாட்டை வெளியிடவிருந்தபோது, ஆடுவோரிடமிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. பெட்டிகளில் கிடைப்பவை வெறும் அலங்காரமாக இராமல், ஆட்டத்தில் ஒருவருக்கு மேல்நிலையைத் தருவனவாக இருந்தமையே காரணம். வெளியீட்டிற்கு முந்தைய நாள் அந்நிறுவனம் ஆட்டத்தினுள் பணம் பெறும் முறையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அதன் பின்னரே பல நாட்டு அரசுகள் இப்பொருளில் கருத்துச் செலுத்தின.

2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18 உட்பட மூன்று விளையாட்டுகளின் பெட்டிகள் சூதாட்டமே எனத் தீர்மானித்தது. கிடைக்கும் பொருளுக்குச் சந்தையில் விலை உண்டா என்பதைவிட, ஆடுபவர் அதனை மதிப்புள்ளதாகக் கருதுகிறாரா என்பதையே அது முதன்மையாகக் கொண்டது. நெதர்லாந்தில் இதே நிறுவனத்திற்கு 2019இல் ஒரு கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஆயினும் 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. பெட்டி என்பது தனித்து நிற்கும் ஆட்டமன்று, திறன்சார்ந்த பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பது அதன் முடிவு. பிரிட்டனில் 2019இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ்க் கொணரப் பரிந்துரைத்தது. 2022இல் அரசு அதனை ஏற்க மறுத்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இணையவழி விளையாட்டுச் சட்டம், பணத்தையோ பணமதிப்புள்ளதையோ வெல்லும் எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடுபவற்றைத் தடைசெய்கிறது. ஆட்டத்திற்கு வெளியே விலைபோகாத பொருளைத் தரும் பெட்டி அவ்வரையறையில் எளிதில் அடங்குவதில்லை.

இத்தீர்ப்புகள் யாவும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன: 'இது சூதாட்டமா?' சட்டம் வரையறையின்றி இயங்க இயலாதாகையால், அக்கேள்வி அதற்கு இன்றியமையாதது. ஆனால் அறநெறியியல் அக்கேள்வியோடு நின்றுவிடலாகாது. பொருளுக்கு வெளியில் விலை இல்லை என்பதால் ஒரு செயல் சூதாட்டச் சட்டத்திலிருந்து தப்புமாயின், அதே காரணத்தால் அறநெறியில் அதன் குற்றம் குறையுமா? சூதாட்டச் சாலையில் வென்றவன் பணத்தோடாவது வீடு திரும்புவான். பெட்டியில் வென்றவனோ செலவழித்த பணத்தை மீண்டும் காண்பதே அரிது.

3. திருமறையும் சீட்டுப்போடுதலும்

தற்செயலைப் பயன்படுத்துவதே பாவம் எனக் கூறிவிட்டால் நம் பணி எளிதாகிவிடும். ஆனால் திருமறை அவ்வாறு கூறவில்லை. பாவநிவாரண நாளில் இரு ஆட்டுக்கடாக்களுக்கிடையே சீட்டுப்போடப்பட்டது (லேவி. 16:8). கோத்திரங்களுக்கு நிலம் சீட்டினால் பங்கிடப்பட்டது (யோசுவா 18:10). மத்தியா அப்போஸ்தலரோடு சேர்க்கப்பட்டதும் அவ்வாறே (அப். 1:26).

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பியூரிட்டன்களிடையே இதுகுறித்துப் பெரும் விவாதம் நிகழ்ந்தது. சீட்டின் முடிவு கர்த்தருடையது என்ற நீதிமொழிகள் 16:33ஐ ஆதாரமாகக் கொண்ட சிலர், சீட்டு என்பது கடவுளின் தனிப்பட்ட தீர்ப்பைக் கோரும் புனிதச் செயல் எனவும், அதனை விளையாட்டில் பயன்படுத்துவது தெய்வநிந்தை எனவும் வாதிட்டனர். தாமஸ் கேட்டகர் 1619இல் எழுதிய நூலில் இதனை மறுத்தார். கடவுளின் பராமரிப்பு எல்லா நிகழ்ச்சிகளிலும் உண்டு. சீட்டில் மட்டும் அது தனிச்சிறப்பாக இயங்குவதில்லை. ஆகவே தீங்கற்ற விளையாட்டில் சீட்டைப் பயன்படுத்துவது தன்னளவில் பாவமன்று என்பது அவருடைய கருத்து.

கேட்டகரின் முடிவை நாம் ஏற்கலாம். அதனை ஏற்பதால் நம் ஆய்வு தளர்ந்துவிடாது; மாறாகக் கூர்மையடைகிறது. பகடையில் பாவமில்லை என்றால், பகடையை யார், யாரிடம், எதற்காக நீட்டுகிறார் என்பதே கேள்வியாகிறது. திருமறையில் சீட்டு, வலியவன் எளியவனை மேற்கொள்ளாதபடி நிலத்தைச் சமமாகப் பங்கிட உதவிற்று. சிலுவையினடியில் படைவீரர்கள் போட்ட சீட்டோ (யோவான் 19:24) ஆதரவற்றவரின் உடைமையைப் பகிர்ந்துகொள்ளப் பயன்பட்டது. கருவி ஒன்றே, உறவுகள் வேறு.

4. தவறு எங்கே உள்ளது?

ஜான் வெஸ்லி, பணத்தைப் பயன்படுத்துதல் பற்றிய தம் புகழ்பெற்ற பிரசங்கத்தில், அயலானின் உடைமைக்கும் உடலுக்கும் ஆன்மாவுக்கும் கேடு விளைவித்துப் பொருள் ஈட்டலாகாது என வரையறுத்து, சூதின் மூலம் அயலானின் பொருளை விழுங்குவதையும் அவ்விலக்கினுள் சேர்த்தார். அவர் இங்கு ஈட்டுபவனை நோக்கிப் பேசுகிறார் என்பது கவனத்திற்குரியது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின் மூன்று தவறுகள் புலப்படுகின்றன.

முதலாவது, மறைக்கப்பட்ட விலை. பல விளையாட்டுகளில் ரூபாயாலோ டாலராலோ பெட்டியை நேரடியாக வாங்க இயலாது. முதலில் பணத்தைக் கொடுத்து ஆட்டத்தின் நாணயத்தை வாங்க வேண்டும். சிலவற்றில் அதனை மற்றொரு நாணயமாக மாற்ற வேண்டும். 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டைக் குறித்து அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் சாட்டிய குற்றங்களுள் இதுவும் ஒன்று. 2025 ஜனவரியில் அதன் வெளியீட்டாளர் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோரின் இசைவின்றிப் பதினாறு வயதிற்குட்பட்டோருக்குப் பெட்டி விற்காதிருக்கவும் உடன்பட்டார். தென்கொரியாவில் நெக்ஸான் நிறுவனம், 'மேப்பிள்ஸ்டோரி' விளையாட்டில் சில சேர்க்கைகள் கிடைக்கும் வாய்ப்பை அறவே இல்லாமற்செய்தும் அதனை வெளியிடாது விற்றமைக்காக 2024 ஜனவரியில் 1,160 கோடி வான் அளவில் அபராதம் பெற்றது. மரக்காலைக் குறைத்துச் சேக்கலை அதிகமாக்கியோரை ஆமோஸ் கடிந்தது (8:5) இத்தகைய செயலையே.

இரண்டாவது, பலவீனத்தின்மீது கட்டப்பட்ட வருமானம். ஆடுவோரில் மிகச் சிலரே பெருந்தொகை செலவிடுகின்றனர். இவர்களைத் தொழில்துறையினர் 'திமிங்கிலம்' என்பர்; சூதாட்டச் சாலைகளிலிருந்து வந்த வழக்கு இது. 2018இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சென்டில், கேர்ன்ஸ் ஆகிய இருவர் நடத்திய ஆய்வு, சூதாட்டச் சிக்கல் மிகுந்தவரே பெட்டிகளுக்கும் மிகுதியாகச் செலவிடுகின்றனர் எனக் கண்டது. பெட்டியே அவர்களைச் சூதாடிகளாக்கிற்று என்று இதனால் நிறுவப்படவில்லை. சூதாட்ட நாட்டமுடையோரே பெட்டியால் ஈர்க்கப்பட்டிருக்கலாம். ஆனால் எந்த விளக்கம் சரியாயினும் விற்பவரின் பொறுப்பு நீங்குவதில்லை. முன்னதாயின் அவர் நோயை உண்டாக்குகிறார். பின்னதாயின் நோயாளியிடம் பொருள் பறிக்கிறார். குருடனுக்குமுன் தடுக்கலை வைக்காதே என்ற கட்டளை (லேவி. 19:14), குருடாக்கியவனை மட்டுமன்று, குருட்டைப் பயன்படுத்துபவனையும் சாடுகிறது.

மூன்றாவது, விளையாட்டின் சிதைவு. எருசலேமின் மீட்பைச் சித்திரிக்கும் சகரியா, அந்நகர வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடும் காட்சியைக் காண்கிறார் (8:5). விளையாட்டு வீண்பொழுதன்று, அச்சமின்றி வாழும் சமுதாயத்தின் அடையாளம் என்பது இதன் பொருள். பயனை எதிர்பாராமையே விளையாட்டின் மேன்மை. பரிசுப்பெட்டி இவ்விடத்திற்குள் கடையை விரிக்கிறது. சில ஆட்டங்களில் முன்னேற்றமே வேண்டுமென்று கடினமாக்கப்பட்டு, அக்கடினத்தைப் பணத்தால் கடக்கும் வழி அருகிலேயே வைக்கப்படுகிறது. சிறியோருக்கு இடறலுண்டாக்குதல் பற்றிய ஆண்டவரின் எச்சரிக்கை (மத். 18:6) இங்கு உவமையாக அன்று, நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது.

5. ஒரு மறுப்பு

2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின்முன் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பிரதிநிதி, பெட்டிகளை உள்ளே பொம்மை வைத்து விற்கப்படும் மிட்டாய் முட்டைகளுக்கு ஒப்பிட்டு, மக்கள் வியப்பை விரும்புகின்றனர் எனக் கூறினார். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வியப்பு தீதன்று. ஆயினும் முட்டையை வாங்கும் சிறுவன் கடைக்குச் செல்ல வேண்டும், கையிலுள்ள காசைக் காண வேண்டும், கடை மூடிய பின் வீடு திரும்ப வேண்டும். பெட்டிக் கடையோ நள்ளிரவிலும் தலையணைக்கடியில் திறந்திருக்கிறது. மேலும், முட்டை தன்னை வாங்குபவனின் பழக்கங்களைக் குறித்துவைத்துக்கொள்வதில்லை.

6. திருச்சபையின் பணி

இப்பொருளில் நாம் பேசுமுன் நம்மை நாமே ஆராய்தல் நலம். இங்கிலாந்தின் முதல் அரசுக் குலுக்கல் 1569இல் தூய பவுல் பேராலயத்தின் வாயிலில்தான் நிகழ்ந்தது. நம் சபைகளின் விற்பனை விழாக்களிலும் பரிசுச் சீட்டுகள் சிறுவர் கையில் விற்கப்படுவதுண்டு. நற்காரியத்திற்காக என்ற விளக்கத்தோடு நாம் கற்பித்த பழக்கத்தை, வேறொருவர் தம் இலாபத்திற்காகப் பயன்படுத்தும்போது மட்டும் கண்டிப்பது எவ்வாறு?

ஆயர்கள் கருத்திற்கொள்ளத்தக்கவை சில உண்டு. பணம் இழந்த இளைஞன் நம்மிடம் வரும்போது, அவனுடைய குற்றத்தை மட்டும் பேசாமல், அவனை வீழ்த்த எவ்வளவு அறிவு செலவிடப்பட்டது என்பதையும் விளக்க வேண்டும். பொறுப்பை அவனிடமிருந்து நீக்குவதற்காக அன்று. அவமானமே மீண்டும் திரைக்குள் ஒளியச் செய்யும் என்பதற்காக. பெற்றோருக்கு, கைபேசியைப் பறிப்பதைவிட, பணம் செலுத்தும் வழியைக் கடவுச்சொல்லால் அடைப்பதையும், குழந்தையோடு அமர்ந்து அந்த ஆட்டத்தை ஒருமுறை ஆடிப்பார்ப்பதையும் கற்பிக்கலாம். திடப்படுத்தல் வகுப்பில் மேற்கூறிய நூற்றில் ஒன்று என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும் மறைக்கல்வியே.

நம் சபைகளின் இளைஞர் பலர் மென்பொருள் துறையில் பணிபுரிகின்றனர். இப்பெட்டிகளை வடிவமைக்கும் மேசைகளில் அவர்களும் அமர நேரிடலாம். சூதாடாதே என்று அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். பிறனைச் சூதாட வைக்காதே என்று கற்பித்திருக்கிறோமா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.