அளவீட்டு நிலைகள்

புள்ளியியலில் அளவீட்டு நிலைகள் என்பவை, தரவுகளில் உள்ள எண்கள் எத்தகைய தகவலைத் தருகின்றன, அவற்றைக் கொண்டு எந்தக் கணக்கீடுகளைச் செய்யலாம் என்பதைக் காட்டும் வகைப்பாடு ஆகும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1946ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் நான்கு நிலைகளை முன்வைத்தார். ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்தைய நிலையின் பண்புகளோடு புதிய பண்பொன்றையும் பெற்றிருக்கும்.

பெயரளவை

இங்கு எண் வெறும் அடையாளம். 600001 என்பது சென்னையின் ஓர் அஞ்சல் குறியீட்டு எண், 625001 மதுரையினுடையது. இவற்றுள் பெரியது, சிறியது என்பதற்கோ இவற்றின் சராசரிக்கோ பொருளில்லை. எது அதிக முறை வருகிறது என்பதை, அதாவது முகட்டை, மட்டும் காணலாம்.

வரிசை அளவை

இதில் வரிசை உண்டு. ஆனால் இடைவெளிகள் சமம் என்று கூற இயலாது. கனிமங்களின் கடினத்தன்மையைக் காட்டும் மோவின் அளவுகோலில் புட்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. குருந்தத்திற்கும் வைரத்திற்கும் உள்ள உண்மையான வேறுபாடு, புட்பராகத்திற்கும் குருந்தத்திற்கும் உள்ளதைவிட மிகப் பெரிது. இத்தகைய தரவுகளுக்கு இடைநிலை அளவு பொருந்தும்.

இடைவெளி அளவை

இதில் இடைவெளிகள் சமம். ஆனால் பூச்சியம் 'இல்லை' என்பதைக் குறிக்காது. 20 பாகை செல்சியசு வெப்பநிலை, 10 பாகையைப் போல இரு மடங்கு அன்று. கெல்வினில் இவை முறையே 293.15, 283.15, உயர்வு ஏறத்தாழ 3.5 விழுக்காடே. கூட்டுச்சராசரியும் திட்டவிலக்கமும் காணலாம். மடங்கு கூற முடியாது.

விகித அளவை

இதில் உண்மையான பூச்சியம் உண்டு. நிறை, நீளம், வயது, கெல்வின் வெப்பநிலை ஆகியவை இவ்வகையின. 40 கிலோகிராம் என்பது 20 கிலோகிராமின் இரு மடங்கே.

பயன்பாடு

கணினி எந்த எண்களுக்கும் சராசரி கண்டு தரும். அது பொருளுடையதா என்று சொல்லாது. அதை ஆய்வாளரே தீர்மானிக்க வேண்டும். கருத்துக்கணிப்புகளில் 'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரையிலான விடைகளுக்கு 5 முதல் 1 வரை எண்கள் தந்து சராசரி காண்பது வழக்கம். அவை வரிசை அளவையே என்பதால் அது சரியா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

வினாப்படிவம் தயாரிக்கும்போதே இதைக் கருத வேண்டும். வயதை ஆண்டுகளில் கேட்டால், பின்னர் இளையோர், நடுவயதினர், முதியோர் எனப் பிரித்துக்கொள்ளலாம். பிரிவை மட்டும் கேட்டால், வயதை மீட்டெடுக்க இயலாது.