ஆண் சிங்கத்துக்குக் கூட்டணி ஏன் தேவை? கிர் முதல் வண்டலூர் வரை சில குறிப்புகள்

மாமல்லபுரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிங்கம் கண்ணில் படும். குடைவரைத் தூண்களின் அடியில் உட்கார்ந்திருக்கும். மகிஷாசுரமர்த்தினி குகையில் துர்க்கையைச் சுமந்துகொண்டு போருக்குப் போகும். திரௌபதி ரதத்துக்கு முன்னால் தனியாக நிற்கும். கடற்கரைக் கோயில் வளாகத்தில் ஒரு சிங்கத்தின் நெஞ்சிலேயே மாடம் குடைந்து துர்க்கையை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நரசிம்மவர்மனுக்கு ராஜசிம்மன் என்றே பட்டப்பெயர்.

இத்தனைக்கும் இந்தக் கரையில் காட்டுச் சிங்கம் வாழ்ந்ததில்லை. இந்தியாவில் அது வாழ்ந்த நிலமெல்லாம் பெரும்பாலும் நர்மதைக்கு வடக்கேதான். ஆனாலும் பிடரி சிலிர்க்க, ஒத்தையா நிற்கிற ராஜா என்கிற படம் நம்ம மனசில் ஆழமா பதிஞ்சிருக்கு. "சிங்கம் சிங்கிளா வரும்" என்று சினிமாவும் சேர்ந்து சொல்லிவிட்டது. காட்டில் நடப்பது நேர்மாறு. தனியாக வருகிற ஆண் சிங்கம்தான் அங்கே அதிக ஆபத்தில் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை

ஆசியச் சிங்கங்கள் இன்று காட்டில் வாழும் ஒரே இடம் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி. கிர் காடும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். 2025 மே மாதக் கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். அதில் வளர்ந்த ஆண் 196, வளர்ந்த பெண் 330. மீதி இளசுகளும் குட்டிகளும்.

பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகத்தான் பிறக்கின்றன. வளர்ந்த பிறகு இவ்வளவு வித்தியாசம் ஏன்? நடுவில் ஆண்கள்தான் அதிகம் சாகின்றன. எப்படி என்று பார்க்கலாம்.

மூன்று வயதில் வெளியே

ஆண் குட்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று வயது ஆனதும் பிறந்த இடத்தில் இருக்க முடியாது. அந்த எல்லையை ஆளும் பெரிய ஆண்கள் விரட்டிவிடும். பெண் குட்டிகள் பெரும்பாலும் தாயோடு, பெரியம்மா சித்திகளோடு அங்கேயே தங்கிவிடும்.

வெளியே வந்த இளசுக்குச் சொந்த எல்லை கிடையாது. எங்கே போனாலும் அது இன்னொருத்தருடைய இடம். கர்ஜித்தால் மாட்டிக்கொள்ளும்; அதனால் சத்தமில்லாமல் திரியணும். கிர் பக்கத்தில் இப்படித் திரியும்போது விவசாயக் கிணறு, மின்வேலி, ரயில் பாதை எல்லாம் குறுக்கே வரும். தரையோடு தரையாக, கைப்பிடிச் சுவர் இல்லாமல் இருக்கும் கிணறுகளில் சிங்கங்கள் விழுந்து செத்திருக்கின்றன. வனத்துறை ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் கட்ட வைத்தது அதனால்தான்.

இந்த அலைச்சலில்தான் கூட்டாளி தேவைப்படுகிறான். அண்ணன் தம்பியாக இருக்கலாம், வழியில் சேர்ந்த அந்நியனாகவும் இருக்கலாம். நாலைந்து வயதில் உடம்பு முழுசாகத் தேறியதும் இரண்டு பேரும் சேர்ந்து போய் யாரோ ஒருத்தருடைய எல்லையைப் பிடிப்பார்கள். ஆட்சி சில வருடங்கள்தான். அதற்குள் அடுத்த கூட்டணி வந்துவிடும்.

கூட்டணிக்குள் பங்கீடு

கூட்டணி என்றதும் சரிபாதிப் பங்கு என்று நினைத்துவிட வேண்டாம். கிர் ஆண் சிங்கங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்தோத்ர சக்ரவர்த்தி, யாதவேந்திரதேவ் ஜாலா இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒவ்வொரு கூட்டணியிலும் ஒருத்தன் பெரியவன். இணைசேரும் வாய்ப்பில் சுமார் 70 சதவீதம் அவனுக்கு. இரையிலும் மற்றவனைவிட 47 சதவீதம் அதிகம்.

அப்புறம் எதுக்கு அந்த இரண்டாவது ஆள் கூடவே இருக்கான்? தனியாகப் போனால் இதுகூடக் கிடைக்காது, அவ்வளவுதான். தனி ஆணால் எல்லையை நீண்ட நாள் காப்பாற்ற முடியாது. ஆனால் கூட்டணியில் ஆள் சேரச்சேர கடைசி ஆளுக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். கிரில் ஜோடிகளே அதிகம் தென்படுவதற்கு இது ஒரு காரணம். நம்மூர் தொகுதிப் பங்கீட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதுசாகப் புரிய ஒன்றுமில்லை!

எல்லை கைமாறினால் முதலில் அடிபடுவது குட்டிகள். புதிதாக வந்த ஆண்கள் பழைய ஆண்களின் குட்டிகளைக் கொன்றுவிடும். குட்டி போனால் தாய் சீக்கிரமே மறுபடி இணைசேரத் தயாராகும். ஆட்சிக்காலம் குறைவு என்பதால் ஆணுக்குக் காத்திருக்க நேரமில்லை. பெண் சிங்கங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கிர் பெண்கள் ஒரே கூட்டணியோடு நிற்பதில்லை. பக்கத்து எல்லை ஆண்களோடும் இணைசேரும். குட்டி யாருடையது என்று எவனுக்கும் நிச்சயமாகத் தெரியாது. நாளை அந்தப் பக்கத்து ஆண் எதிரே வந்தாலும் குட்டியை விட்டுவிட வாய்ப்பு அதிகம். இதையும் அதே ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள்.

ஜெய்யும் வீருவும்

கிர் சுற்றுலாப் பகுதிக்குப் போனவர்களுக்கு இந்த ஜோடியைத் தெரியும். ஷோலே படத்து நண்பர்களின் பெயரை வைத்திருந்தார்கள். பெரிய எல்லை, பல பெண் கூட்டங்கள், எங்கே போனாலும் இரண்டு பேரும் ஒன்றாக.

2025-இல் இருவரும் பிரிந்திருந்த நேரத்தில் வேறு ஆண்கள் தாக்கின. தனித்தனியாக இருவருக்கும் காயம். மருத்துவர்கள் போராடிப் பார்த்தும் ஜூனில் வீரு இறந்தது, அடுத்த மாதமே ஜெய்யும் போய்விட்டது. சேர்ந்திருந்தவரை எதிரிகள் கிட்டே நெருங்கத் தயங்கின. பிரிந்த சில நாட்கள் போதுமானதாக இருந்தது.

சண்டையில் உடனே சாவது குறைவு. கடிபட்ட இடம் சீழ் பிடிக்கும், கால் முடமாகும், வேட்டையாட முடியாது, உடம்பு இளைக்கும். இளைத்தவனை அடுத்தவன் கண்டுபிடித்துவிடுவான். பிடரி மயிர்கூட இதைக் காட்டிக்கொடுக்கும். கிரெய்க் பேக்கரும் பெய்டன் வெஸ்ட்டும் செரெங்கெட்டியில் பொம்மைச் சிங்கங்களை நிறுத்திச் சோதித்தார்கள். கருத்த பிடரி பொம்மைகள் பக்கம் பெண்கள் போயின, ஆண்கள் ஒதுங்கின. கருத்த பிடரி என்றால் நல்ல தீனி, அதிக டெஸ்டோஸ்டிரோன். அதற்கான விலை, வெயிலில் கூடுதல் சூடு.

கூட்டணியால் தடுக்க முடியாத எதிரி

இதுவரை சொன்னதெல்லாம் சிங்கத்துக்குச் சிங்கம் எதிரி. நோய்க்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதைப் பார்க்க கிர் வரை போகவேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் வந்தால் போதும்.

2021 மே கடைசியில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, இருமின. பூங்கா ஏப்ரலிலேயே பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஜூன் 3 அன்று 9 வயதுப் பெண் சிங்கம் நீலா இறந்தது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பிய 11 சிங்கங்களின் மாதிரிகளில் 9-இல் கொரோனா. ஜூன் 16 அன்று 12 வயது ஆண் சிங்கம் பத்மநாதனும் இறந்தது. மரபணு வரிசையைப் பார்த்தால், அப்போது மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த அதே டெல்டா வகை.

வேளாவேளைக்கு இறைச்சி, மருத்துவர், வேலி, எதிரி இல்லாத வாழ்க்கை. அங்கேயே ஒரு வைரஸ் சில நாட்களில் இவ்வளவு பேரைத் தொட்டுவிட்டது. மருத்துவர் கைக்கு எட்டாத காட்டில் என்ன ஆகும்?

அதற்கும் பதில் இருக்கிறது. 1994-இல் செரெங்கெட்டியில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஆயிரம், இறந்தன. வைரஸ் மட்டும் காரணமில்லை என்பது பின்னால் தெரிந்தது. முந்தைய வறட்சியில் எருமைகள் நலிந்து உண்ணி மொய்த்திருந்தன; அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணி வழியாக பேபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி ஏறியது. டிஸ்டெம்பர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க, ஒட்டுண்ணி ஆளை முடித்தது.

2018 செப்டம்பரில் கிரின் தல்கானியா சரகத்தில் மூன்று வாரத்துக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. அதே டிஸ்டெம்பர், அதே உண்ணிக் காய்ச்சல். அமெரிக்காவிலிருந்து அவசரமாகத் தடுப்பூசி வரவழைத்தார்கள். கிர் சிங்கங்கள் எல்லாமே நூறு வருடங்களுக்கு முன் தப்பிப் பிழைத்த மிகச் சில சிங்கங்களின் வாரிசுகள். மரபணு வேறுபாடு குறைவு. ஒருத்தருக்கு ஒத்துக்கொள்ளாத கிருமி பலருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இடம்தான் பிரச்சினை

சண்டையும் நோயும் வேறுவேறு மாதிரி தெரிந்தாலும் இரண்டையும் கூட்டுவது ஒன்றுதான்: நெருக்கம். எல்லைகள் நெருங்கினால் மோதல் அதிகம், குட்டிச்சாவு அதிகம், கிருமி தாவுவதும் சுலபம். 891-இல் 507 சிங்கங்கள் இப்போது சரணாலயத்துக்கு வெளியே, ஊர் நாய்களும் மாடுகளும் இருக்கிற நிலத்தில் வாழ்கின்றன. 2023 ஜனவரியில் ஒரு ஆண் சிங்கம் தானாகவே நடந்து பர்தா சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1879-க்குப் பிறகு அங்கே சிங்கம் வந்தது அதுதான் முதல் முறை. நல்ல செய்திதான். ஆனால் பர்தாவும் அதே சௌராஷ்டிரம்தான்.

வேறு மாநிலத்தில் இரண்டாவது வீடு வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு ஆறு மாதத்தில் மாற்றச் சொன்ன உத்தரவு அது. குனோவுக்கு 2022-இல் நமீபியாவிலிருந்து சிறுத்தைப்புலிகளின் உறவினரான சீட்டாக்கள் வந்தன. சிங்கம் இன்னும் போகவில்லை.

கிர் சிங்கங்களைக் காப்பாற்றியதில் குஜராத்துக்கு உள்ள பெருமை நியாயமானது. அடிபட்ட சிங்கத்துக்குக் காட்டுக்குள்ளேயே போய் மருத்துவம் பார்க்கிறார்கள். ஆனால் மருத்துவரால் ஒரு ஜெய்யையோ ஒரு வீருவையோ மட்டும்தான் பார்க்க முடியும். பெரிய தொற்று ஒன்று வந்தால், அதற்கு எட்டாத தூரத்தில் இன்னொரு சிங்கக் கூட்டம் இருந்தாகணும். அந்தக் கூட்டம் இன்றைக்கு எங்கேயும் இல்லை.