ஈதர்நெட்டில் வேகப் பொருத்தம்

வேகப் பொருத்தம் என்பது, ஈதர்நெட் கருவிகளில் அடுத்தடுத்த இரு அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் இயங்கும்போது தரவு இழப்பின்றி அவற்றை இணைக்கும் முறை ஆகும். சட்டகங்களை உருவாக்கித் தருவது ‘மேக்’ அடுக்கு. அவற்றை மின் அல்லது ஒளிக் குறிகையாக மாற்றிக் கம்பியில் செலுத்துவது ‘ஃபை’ எனப்படும் இயற்பியல் அடுக்கு. இவ்விரண்டின் வேகமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

சிக்கல்

புறப்பட்ட சட்டகத்தைப் பொதுவாக நடுவழியில் நிறுத்திவைக்க முடியாது. 1518 பைட்டுச் சட்டகம் ஒன்றை மேக் 1 ஜிகாபிட் வேகத்தில் தந்தால் சுமார் 12 மைக்ரோநொடியில் தந்து முடித்துவிடும். 100 மெகாபிட் கம்பியில் அது செல்ல 121 மைக்ரோநொடி ஆகும். மேக் தந்து முடிக்கும்போது பத்தில் ஒரு பங்கே கம்பியில் சென்றிருக்கும். எஞ்சிய சுமார் 1366 பைட்டுகளை ‘பஃபர்’ எனப்படும் தற்காலிக நினைவகம் தாங்க வேண்டும்.

மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்களைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். வரத்துக்கால்வாயில் வரும் வெள்ளம் அதிகம். மடைவழியே வயலுக்குப் போவது குறைவு. மிகுதியைக் கண்மாய் தாங்கும். அதுவும் நிரம்பினால் நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். பஃபர் நிரம்பினாலோ வரும் சட்டகம் அழிந்தே போகும். எனவே பஃபரைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. வரத்தையும் கட்டுப்படுத்த வேண்டும்.

வழிமுறைகள்

இடைவெளியை நீட்டுதல்: இரு சட்டகங்களுக்கிடையே வழக்கமாக 96 பிட் இடைவெளி உண்டு. 2002-இல் வந்த 10 ஜிகாபிட் தரநிலையில், விநாடிக்கு 9.95328 ஜிகாபிட் வேகமுள்ள தொலைத்தொடர்பு இணைப்புகளுக்காக இம்முறை சேர்க்கப்பட்டது. அனுப்பும் ஒவ்வொரு 104 பிட்டுக்கும் மேக் 8 பிட் இடைவெளியைக் கூட்டும்.

காத்திருக்கச் செய்தல்: தொலைபேசிச் செம்புக் கம்பிவழி ஈதர்நெட்டுக்கான 2004 தரநிலையில், கம்பி வேலையாக இருப்பதாக ஃபை அறிவிக்கும். மேக் அடுத்த சட்டகத்தைத் தள்ளிவைக்கும்.

இடைநிறுத்தச் சட்டகம்: 1997-இல் தரநிலையானது. ‘இவ்வளவு நேரம் அனுப்பாதே’ என்று எதிர்முனைக்குச் சொல்லும். நேர அலகு ஒன்று 512 பிட் நேரம். ஒருமுறைக்கு 65,535 அலகுகள்வரை கேட்கலாம். 1 ஜிகாபிட் வேகத்தில் இது சுமார் 33.6 மில்லிநொடி.

மீண்டும் மீண்டும் அனுப்புதல்: மேக்குக்கும் ஃபைக்கும் இடையிலான ‘எஸ்ஜிஎம்ஐஐ’ இணைப்பின் வேகம் மாறுவதில்லை. கம்பி 100 மெகாபிட்டில் இயங்கும்போது ஒவ்வொரு பைட்டும் 10 முறையும், 10 மெகாபிட்டில் 100 முறையும் அனுப்பப்படும்.

கடிகார வேறுபாடு

ஒரே வேகம் என்று குறித்த கருவிகளும் மிகச் சரியாக ஒத்துப்போவதில்லை. ஈதர்நெட் கடிகாரம் பத்து லட்சத்தில் 100 பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால், 1518 பைட்டுச் சட்டகத்தில் சுமார் 2.4 பிட் வேறுபடும். சிறு பஃபர் இதைத் தாங்கும். பிறகு இடைவெளியிலுள்ள வெற்றுக் குறிகளைக் கூட்டியோ குறைத்தோ கணக்கு நேராக்கப்படும்.

கவனிக்க வேண்டியது

பைட்டை மீண்டும் அனுப்பும் முறை தவிர, மற்ற யாவும் சட்டகத்தைத் தொடாமல் இடைவெளியிலேயே வேகத்தைச் சரிசெய்கின்றன. சில ஃபை சில்லுகள் மேக் பக்கம் 10 ஜிகாபிட்டிலும் கம்பிப் பக்கம் 2.5 ஜிகாபிட்டிலும் இயங்கி, இடைநிறுத்தச் சட்டகத்தை நம்பியுள்ளன. அங்கே மேக் அந்தச் சட்டகத்தை ஏற்காதபடி அமைக்கப்பட்டிருந்தால், இணைப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே சட்டகங்கள் தொலையும். விளக்கு எரிவது இணைப்பு உண்டு என்பதற்கே சான்று. வேகம் பொருந்தியது என்பதற்கு அன்று.