டிஷ் ஏன் தெற்கே சாய்கிறது?

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறி ஊரைப் பார்த்தால், மொட்டை மாடி டிஷ்களெல்லாம் தென்கிழக்குப் பக்கமே முகம் காட்டி நிற்கும். தூர்தர்ஷனின் இலவசச் சேனல்களைத் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 2015 நவம்பரில் ஏவப்பட்டது. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே, 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. திண்டுக்கல்லோ நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 10 டிகிரி வடக்கே. விண்வெளியில் ஈர்ப்பு விசையே இல்லை என்று நம்புகிறவர்கள் இன்னும் பலர். அது உண்மையென்றால், செயற்கைக்கோளை நம் ஊருக்கு நேர் உச்சியிலேயே நிறுத்தியிருக்கலாமே? அப்படி நிறுத்த முடியாமல் செய்வதே ஈர்ப்புதான்.

தரையருகே கைவிட்ட பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் விழும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் 44-இல் ஒரு பங்காகக் குறைகிறதே தவிர, அற்றுப்போவதில்லை. அங்கே ஜிசாட்-15 நொடிக்கு நொடி பூமியை நோக்கி 11 சென்டிமீட்டர் விழுகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் 3 கிலோமீட்டர் ஓடியும் விடுகிறது. அந்த 3 கிலோமீட்டருக்குள் அதன் வட்டப்பாதை உள்ளே வளைவதும் சரியாக 11 சென்டிமீட்டர்தான். அதனால் எவ்வளவு விழுந்தாலும் பூமிக்கும் அதற்கும் இடைவெளி குறைவதில்லை. இதை விளக்க நியூட்டன் மலையுச்சியில் ஒரு பீரங்கியைக் கற்பனை செய்தார். ஹைதர் அலியின் படை இருந்த நம் மலையிலிருந்தும் சுட்டுப் பார்க்கலாம். குண்டு தரையில் விழாமல் பூமியைச் சுற்றிவர, நொடிக்கு 8 கிலோமீட்டர் பறக்க வேண்டும், குறுக்கே காற்றும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்!

ஈர்ப்பு எப்போதும் பூமியின் மையத்தை நோக்கியே இழுக்கிறது. ஆகவே எந்தச் சுற்றுப்பாதையும் அந்த மையத்தைச் சூழ்ந்தே அமையும். திண்டுக்கல்லின் அட்சரேகையை மட்டும் பிடித்துக்கொண்டு சுற்ற வழியில்லை. இடங்காட்டும் நம் நாவிக் அமைப்பின் சில செயற்கைக்கோள்கள் சாய்ந்த பாதையில் செல்கின்றன. பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றினாலும், அவை தினமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் போய்வருகின்றன. ஒரே புள்ளியில் நிற்பதுபோல் தெரிய வேண்டுமானால் நிலநடுக்கோடு ஒன்றே கதி. ஈர்ப்பு இருக்கிறதென்றால், விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதக்கிறார்களே என்று கேட்கலாம். நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம்! நிலையமும் வீரர்களும் சேர்ந்தே விழுவதால், அவர்களைத் தாங்கிப் பிடிக்கத் தளம் என்று எதுவும் இல்லை. எடை தெரியாமல் போவது அதனால்தான்.

எரிபொருள் தீர்ந்தால் ஜிசாட்-15 தலையில் விழுமோ என்ற பயமும் வேண்டாம். சுற்றுவதற்கு எரிபொருள் தேவையில்லை; நிலாவும் சூரியனும் இழுத்து அதன் பாதையைச் சாய்ப்பதைத் திருத்தவே, பாதையில் அமர்ந்தபின் மிஞ்சும் எரிபொருளில் பெரும்பகுதி செலவாகிறது. இத்தகைய செயற்கைக்கோள்களை, ஆயுள் முடியும்போது, மிச்ச எரிபொருளைக் கொண்டு சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளிவிடுவது வழக்கம். அங்கேயும் அவை விழுந்துகொண்டேதான் சுற்றும். டிவியில் மட்டும் படம் வராது.